குட்டியானை பாகூர் போகாது

போன மாதம் புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடையில் மிக்ஸி வாங்கினேன். பில் போடுகிற பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே "எந்த ஊரு சார்?" என்று கேட்டாள். "கடலூர்" என்றேன். தட்டினாள். பில் வந்தது.

எனக்கு முன்னால் நின்ற, புதுச்சேரி லாஸ்பேட்டைக்காரரும் அதே மிக்ஸிதான் வாங்கினார், அதே விலைதான் கொடுத்தார். ஆனால் அவர் பில்லில் மத்திய அரசுக்குச் சிஜிஎஸ்டி 9 சதவீதம், மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம் என்று இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தது. என் பில்லில், மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் போடுகிற ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று மொத்தமாக. அவர் கட்டியதில் பாதி புதுச்சேரி அரசுக்குப் போகும். நான் கட்டியதில் பாதி டெல்லி வழியாகச் சுற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வந்து சேரும். நான் மட்டும் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால் அதுவும் புதுச்சேரிக்கே போயிருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் கணக்கு இப்படித்தான். ஜிஎஸ்டி எண் இல்லாமல் வாங்குகிற சாதாரண ஆளின் பில்லில் எந்த மாநிலத்தின் பெயர் இருக்கிறதோ, சரக்கு அங்கே விற்றதாக அர்த்தம். முகவரியே போடாவிட்டால் கடை எங்கே இருக்கிறதோ அங்கே.

மிக்ஸி வாங்க வருகிறவர் யாரும் இதைப் பார்ப்பதில்லை. எனக்கு இது தொழில் வியாதி. திருப்பாப்புலியூரில் அப்பா வைத்த ஹார்ட்வேர் கடையை நடத்துகிறேன். மாலை நேரத்தில் தெரிந்த நாலைந்து கடைகளுக்குக் கணக்கும் எழுதிக் கொடுக்கிறேன். கடலூரில் கடை வைத்திருப்பவனுக்கு வரி என்பது புத்தகத்தில் படிக்கிற விஷயமே இல்லை. வண்டியை வடக்கே விட்டால், பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வேறு அரசாங்கம், வேறு விலைப்பட்டியல்.

1996 உலகக் கோப்பை கிரிக்கெட்டுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குக் கலர் டிவி வந்தது. அப்பாவும் மாமாவும் காலை பஸ்ஸில் புதுச்சேரி போய் வாங்கி வந்தார்கள். கடலூரிலேயே அதே கம்பெனி டிவி, அதே மாடல், எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி இருந்தது. "அங்க ஆயிரத்து நூறு ரூபா கம்மி மாப்ளே" என்று மாமா ஒரு வாரமாக அப்பாவை அரித்தெடுத்துக் கூட்டிப் போனார். திரும்பும்போது டிவிப் பெட்டிக்கு மேல் பழைய போர்வையைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வீட்டு உபயோகத்துக்கு ஒரு டிவி வாங்கி வருவதில் குற்றம் எதுவும் இல்லை. போலீஸ் பஸ்ஸில் ஏறினால் தேடியதும் பாட்டிலைத்தான். இருந்தாலும் போர்வை சுற்றினார்கள். எல்லையைத் தாண்டி மலிவாக ஏதாவது கொண்டு வந்தால் கடலூர்க்காரனுக்குத் தன்னாலே ஒரு திருட்டு முழி வந்துவிடும்.

விலை குறைந்ததற்குக் காரணம் வரி. டிவி எங்கே செய்யப்பட்டது, எவ்வளவு லாபம் வைத்தார்கள் என்பதெல்லாம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம். புதுச்சேரியில் 1967இல் தனியாக ஒரு சட்டம். எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். சின்ன ஊருக்கு ஒரு சௌகரியம் உண்டு. வீதத்தைக் குறைத்தால் பக்கத்து மாநிலத்து ஆளெல்லாம் வந்து வாங்குவான். சதவீதம் குறைந்தாலும் வசூல் குறையாது. பெரிய மாநிலத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஒரு காலத்தில் புதுச்சேரிப் பக்கம் வரிசையாகத் தொழிற்சாலை போட்டதற்கும் வரிச் சலுகை ஒரு காரணம். கடற்கரை அழகாக இருக்கிறது என்று யாரும் ஆலை கட்ட மாட்டார்கள்.

எல்லா மாநிலமும் இதே விளையாட்டை ஆட ஆரம்பித்ததும், 1999 நவம்பரில் அன்றைய நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா முதலமைச்சர்களைக் கூட்டிவைத்துப் பேசி, இந்தப் பொருளுக்கு இதற்குக் கீழே யாரும் வரியை இறக்கக்கூடாது என்று ஒரு அடிக்கோடு போட்டார்கள். 2000 ஜனவரி 1 முதல் அமல். மாமா அன்றைக்கு ரொம்ப வருத்தப்பட்டார். அடுத்தது பிரிட்ஜ் வாங்குவதாக இருந்தது.

இந்த வரி பிறந்த கதையே எங்கள் பக்கத்துக் கதைதான். நாட்டிலேயே முதன்முதலாகப் பொது விற்பனை வரி போட்டது மதராஸ் மாகாணம், 1939இல், ராஜாஜி ஆட்சியில். 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். சாராய வருமானம் போயிற்று. அந்த ஓட்டையை அடைக்கத்தான் விற்பனை வரி. அதே மாகாணத்தின் வாரிசு இன்றைக்கு டாஸ்மாக் வருமானத்தில் எப்படி ஓடுகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சாராயம் திரும்பி வந்துவிட்டது, அதற்குப் பதிலாக வந்த வரி மட்டும் போகவே இல்லை.

ஆளாளுக்கு விற்பனை வரி போட ஆரம்பித்த பிறகு இன்னொரு தகராறு வந்தது. சென்னைக்காரன் பம்பாய்க்காரனுக்குச் சரக்கு அனுப்பினால் வரி யாருக்கு? இரண்டு பேரும் கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1953இல் ஒரு மாதிரியும் 1955இல் வேறு மாதிரியும் தீர்ப்புச் சொல்லி, கடைசியில் 1956இல் அரசியலமைப்பைத் திருத்தி மத்திய விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சிஎஸ்டி. சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போனால் இந்த வரி. வசூலித்து வைத்துக்கொள்வது சரக்கை அனுப்புகிற மாநிலம். பேர்தான் மத்திய வரி.

சிஎஸ்டி என்றாலே என் தலைமுறைக் கணக்கர்களுக்கு நினைவு வருவது சி ஃபாரம். வெளிமாநிலத்தில் சரக்கு வாங்கினால், "நான் பதிவு பெற்ற வியாபாரிதான், மறுபடி விற்கத்தான் வாங்குகிறேன்" என்று வணிகவரி அலுவலகத்தில் வாங்கிய படிவத்தை நிரப்பி, விற்றவருக்கு அனுப்ப வேண்டும். அது இருந்தால் சலுகை வரி: ரொம்ப நாள் 4 சதவீதமாக இருந்தது, 2007இல் 3 ஆகி, 2008 ஜூனில் 2 ஆயிற்று. படிவம் இல்லையென்றால் விற்றவர் ஊரின் முழு வரி.

பூட்டை வைத்துச் சொன்னால் சுலபம். எங்கள் கடையில் இரண்டு வகைப் பூட்டு உண்டு, திண்டுக்கல் பூட்டு, அலிகார் பூட்டு. 2007 ஜனவரி 1இல் தமிழ்நாட்டில் பழைய விற்பனை வரிக்குப் பதிலாக வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரி வந்ததும், திண்டுக்கல்காரருக்கு நான் கட்டிய வரியை நான் விற்கும்போது வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று ஆனது. அலிகார்காரருக்குக் கட்டிய 2 சதவீதம் உத்தரப்பிரதேச அரசுக்குப் போன பணம்; அதைச் சென்னையில் கழிக்க முடியாது. ஆகவே அலிகார் பூட்டு என் அலமாரிக்கு வரும்போதே 2 சதவீதமும், அதோடு ஒரு காகிதக் கவலையும் கூடி வரும்.

அந்தக் கவலை எனக்கு 2010இல் பலித்தது. நிரப்பி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி வைத்த சி ஃபாரத்தை ஒரு பழைய நோட்டுக்குள் செருகி வைத்தேன். ஆயுத பூஜைக்குக் கடை சுத்தம் பண்ணியபோது அந்த நோட்டு பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. போட்டதும் நான்தான், வண்டியில் ஏற்றியதும் நான்தான், வேறு யாரையும் திட்ட வழியில்லை. அலிகாரிலிருந்து போன்மேல் போன். எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, "சி ஃபாரம், சி ஃபாரம்" என்ற இரண்டு வார்த்தையை வைத்து மூன்று மாதம் சண்டை போட்டோம். கடைசியில் தொலைந்த படிவத்துக்கு ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து வேறு படிவம் வாங்குவதற்குள் வந்த நடைக்கு ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆர்டரில் அலிகார் பூட்டை மட்டும் பேனாவால் அடித்துவிட்டார்.

பெரிய கம்பெனிகள் இந்த 2 சதவீதத்தைத் தாண்டுவதற்கு ஒரு வழி வைத்திருந்தன. மாநிலத்துக்கு ஒரு டெப்போ. பெயிண்ட் ஆனாலும் பம்ப்செட் ஆனாலும் சோப்பு ஆனாலும் ஆலையிலிருந்து நேராக வியாபாரிக்கு விற்க மாட்டார்கள். தங்கள் டெப்போவுக்கே சரக்கை மாற்றிக்கொள்வார்கள். விற்பனை நடக்கவில்லை, இடமாற்றம்தான், எனவே சிஎஸ்டி கிடையாது. டெப்போவிலிருந்து விற்கும்போது உள்ளூர் வரி. அதற்கு எஃப் ஃபாரம் என்று வேறொரு காகிதம். எங்கே கிடங்கு கட்டுவது என்பதை ரோடும் ரயிலும் முடிவு செய்யவில்லை, மாநில எல்லை முடிவு செய்தது. கடலூருக்கு வர வேண்டிய பெயிண்ட் புதுச்சேரியில் ஒரு டெப்போ இருந்தும் சென்னை டெப்போவிலிருந்துதான் வரும். இருபத்தைந்து கிலோமீட்டருக்குப் பதில் நூற்றெண்பது.

புதுச்சேரி எப்படிப்பட்ட இடம் என்பதையும் சொல்லிவிட வேண்டும், பார்க்காதவர்களுக்கு நம்புவது கஷ்டம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப் போன துண்டு துணி மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால் மரக்காணம் தமிழ்நாடு. காலாப்பட்டு புதுச்சேரி. பொம்மையார்பாளையமும் கோட்டக்குப்பமும் மறுபடி தமிழ்நாடு. அடுத்து முத்தியால்பேட்டை, மறுபடி புதுச்சேரி. பஸ்ஸில் தூங்கி எழுந்தால் எந்த அரசாங்கத்தில் இருக்கிறோம் என்று பெட்ரோல் பங்க் விலைப்பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காரைக்காலோ கடலூர், சிதம்பரம், சீர்காழியெல்லாம் தாண்டி இருக்கிறது. அந்தக் காலத்தில் புதுச்சேரிக்குப் பெங்களூரிலிருந்து சரக்கு போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் நுழையும் வணிகவரிச் சோதனைச் சாவடியில் ட்ரான்ஸிட் பாஸ் வாங்கி, வெளியேறும் சாவடியில் ஒப்படைக்க வேண்டும். வழியில் எங்கும் இறக்கி விற்றுவிடவில்லை என்பதற்கு அத்தாட்சி.

அந்தச் சாவடிகளில் லாரி நின்ற கதையை எந்த டிரைவரிடம் கேட்டாலும் ராத்திரி முழுக்கச் சொல்வார். எங்களுக்கு வந்த சரக்கு ஒருமுறை ஒரு சாவடியில் பதினான்கு மணி நேரம் நின்றது. எந்தச் சாவடி என்பது இப்போது வேண்டாம். பில்லில் வண்டி நம்பரில் 3ஐ 8 என்று வாசித்திருக்கிறார்கள். டிரைவர் அண்ணன் மறுநாள் காலை கடை வாசலில் இறங்கியதும் முதலில் கேட்டது தண்ணி, அடுத்தது, "ஏன் தம்பி, உங்க ஆளுங்களுக்கு மூணு போடத் தெரியாதா?"

வாட் வந்தபோது நாடு முழுக்க ஒரே மாதிரி, 1, 4, 12.5 என்று மூன்று வீதம்தான் என்று சொன்னார்கள். 2011 ஜூலையில் தமிழ்நாடு 4ஐ 5 ஆக்கியது, 12.5ஐ 14.5 ஆக்கியது. ஒரே மாதிரி என்ற பேச்சு அதோடு சரி.

2017 ஜூலை 1, ஜிஎஸ்டி அமலுக்கு வந்த நாள். அன்றைக்குச் சனிக்கிழமை, கடையைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படி பில் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். ஆனால் ரோட்டில் நடந்தது உண்மையிலேயே பெரிய விஷயம். வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. சி ஃபாரம் என் வேலையிலிருந்து போய்விட்டது. அலிகார் பூட்டு அலமாரிக்குத் திரும்பி வந்தது. அலிகார்காரர் போடும் ஐஜிஎஸ்டி, திண்டுக்கல்காரர் போடும் வரி மாதிரியே கணக்கில் கழிகிறது என்று, முழு வரிக் கணக்குக் காட்டும் கடைகளுக்குக் கணக்கு எழுதும்போது பார்க்கிறேன். டெப்போக்கள் பல மூடப்பட்டு நாலு மாநிலத்துக்கு ஒரு பெரிய கிடங்கு என்று ஆயிற்று. டிவிக்கும் பிரிட்ஜுக்கும் புதுச்சேரி பஸ் பிடிக்க வேண்டிய அவசியம் போயிற்று. 2025 செப்டம்பர் 22இல் பெரிய டிவிகளுக்கு 28 சதவீதம் 18 ஆனபோது கடலூரிலும் அதே நாள், புதுச்சேரியிலும் அதே நாள், காஷ்மீரிலும் அதே நாள். வாங்குகிறவருக்கு எல்லை என்று ஒன்று ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது.

விற்கிறவருக்கு? அதுவும் சின்னக் கடைக்காரருக்கு? எங்கள் ஜிஎஸ்டி எண் 33இல் தொடங்கும், புதுச்சேரிக் கடைகளின் எண் 34இல் தொடங்கும். அந்த ஒரு எண் வித்தியாசத்துக்குள் பழைய சாவடியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். என்னிடம் கேட்டால், ரோட்டில் இருந்தபோது அந்தச் சாவடி எங்களைப் போன்றவர்களை இவ்வளவு தடுத்ததில்லை.

கோட்டக்குப்பத்தையும் முத்தியால்பேட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே நடந்து போகிற தூரம்கூடச் சொல்ல முடியாது, ஒட்டிக்கொண்டிருக்கும். சரக்கு மட்டும் விற்கிற கடைக்குத் தமிழ்நாட்டில் வருஷ விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். 2019 ஏப்ரலில் இந்த வரம்பை உயர்த்தியபோது சில மாநிலங்கள் பழைய 20 லட்சமே போதும் என்று இருந்துவிட்டன. புதுச்சேரி அதில் ஒன்று. ஆகவே தெருவின் இந்தக் கோடியில் 35 லட்சத்துக்கு வியாபாரம் செய்யும் மளிகைக் கடைக்காரர் நிம்மதியாகத் தூங்குவார், அந்தக் கோடியில் அதே வியாபாரம் செய்பவர் மாதா மாதம் கணக்குக்காரரைத் தேடி ஓடுவார்.

இந்தப் பக்கத்துக்காரரின் நிம்மதியும் ஒரு நிபந்தனையோடுதான். அவர் தன் மாநிலத்துக்குள் விற்கும் வரைதான் அந்த 40 லட்சம். வரி உள்ள சரக்கை எல்லை தாண்டி அனுப்பி விற்றால், ஆயிரம் ரூபாய் சரக்கானாலும் பதிவு கட்டாயம். கன்னியாகுமரியிலிருந்து திருத்தணிவரை அனுப்பலாம், பதிவு வேண்டாம். கோட்டக்குப்பத்திலிருந்து பக்கத்துத் தெருவுக்கு அனுப்பக்கூடாது.

என் கடை விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டிவிட்டது, ஆகவே பதிவு உண்டு. ஆனால் நான் இருப்பது காம்போசிஷன் திட்டத்தில். ஒன்றரைக் கோடிக்குக் கீழே வியாபாரம் செய்கிறவர்கள் விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம், வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக்கூடாது, சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழிக்கவும் முடியாது. தலைவலி குறைவு. அதற்கும் ஒரு நிபந்தனை: வெளிமாநிலத்துக்கு விற்கக்கூடாது. வெளிமாநிலம் என்றதும் சட்டம் எழுதியவர்களுக்கு டெல்லியும் குஜராத்தும் கண்ணில் பட்டிருக்கும். எனக்கு வெளிமாநிலம் என்றால் எல்லைக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியில் இருக்கும் பாகூர். கடைக்கு வருகிற பத்துப் பேரில் இரண்டு பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள்.

காம்போசிஷனை விட்டு வெளியே வந்தால் அனுப்பலாம். அப்போதும் ஒரு விசித்திரம் உண்டு. தமிழ்நாட்டுக்குள் சரக்கு போனால் ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் இ-வே பில், அதாவது வண்டியோடு போக வேண்டிய, கம்ப்யூட்டரில் எடுக்கிற சீட்டு. மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாயிலேயே ஆரம்பம். அறுபதாயிரம் ரூபாய் பைப்பைக் கடலூரிலிருந்து நாகர்கோவிலுக்குச் சும்மா அனுப்பலாம். பாகூருக்கு அனுப்ப வேண்டுமானால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும்.

நான் கணக்கு எழுதுகிற கடைகளில் ஒன்று என் சித்தப்பா மகன் நடத்தும் பம்ப்செட் கடை. போன வருஷம் புதுச்சேரியில் டீலர் கூட்டத்துக்குப் போய் ஓட்டலில் இரண்டு நாள் தங்கி, கம்பெனி பெயரில், ஜிஎஸ்டி எண் போட்டு, ஒழுங்காக பில் வாங்கி வந்தான். "இந்த வரிய கழிச்சிக்கோண்ணா" என்று பெருமையாக நீட்டினான். கழிக்க முடியாது. அறை இருக்கும் ஊர்தான் சேவை நடந்த ஊர். ஆகவே ஓட்டல்காரர் போட்டது புதுச்சேரியின் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுப் பதிவில் அதற்கு இடமில்லை. அதே அறையைச் சிதம்பரத்தில் எடுத்திருந்தால் கழிந்திருக்கும். "ஒரே நாடு ஒரே வரின்னாங்களே" என்றான். ஒரே வரிதான்டா, ரெண்டு உண்டியல் என்றேன்.

எல்லை இன்னும் ரோட்டிலேயே நிற்கிற இடமும் உண்டு. பெட்ரோலும் சாராயமும். பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஐந்தும் ஜிஎஸ்டிக்குள் வரலாம் என்று சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள், எப்போது என்று தேதி மட்டும் போடவில்லை. மதுவுக்கு அந்த இடமும் இல்லை. விற்பனை வரியில் இந்த இரண்டில்தான் மாநிலங்களுக்குச் சொந்தமாக வீதம் நிர்ணயிக்கும் கை இன்னும் மிச்சமிருக்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் அதை விடமாட்டார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு வாட் 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. 2020 மே மாதம்தான் இந்தச் சதவீதமும் ரூபாயும் கலந்த முறை வந்தது. எண்ணெய் விலை இறங்கினாலும் வருமானம் அடியோடு விழாமலிருக்க அந்த நிலையான தொகை. 2021 ஆகஸ்டு பட்ஜெட்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்த பிறகுதான் இன்றைய அளவு. பெட்ரோல் நூறு ரூபாயை ஒட்டி விற்கும்போது அதில் இருபத்தொன்று, இருபத்திரண்டு ரூபாய் மாநில அரசின் பங்கு. புதுச்சேரியில் சதவீதம் மட்டும்தான், நிலையான தொகை கிடையாது. 2025 தொடக்கத்தில் அவர்களும் கொஞ்சம் ஏற்றினார்கள், அப்போதும் எங்களைவிடக் குறைவு. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்தச் சின்னப் பிரதேசத்துக்குள்ளேயே ஒரே வீதம் கிடையாது. புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் ஏறக்குறைய ஒன்று, கேரளத்துக்குள் இருக்கும் மாஹேவுக்கு ஒன்று, ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாமுக்கு ஒன்று. பக்கத்து வீட்டுக்காரன் என்ன விலைக்கு விற்கிறான் என்று பார்த்து வீட்டுக்கு வீடு விலை வைப்பது. எங்கள் கடைத்தெருவில் இதை வியாபாரம் என்போம்.

எல்லையை ஒட்டிப் புதுச்சேரிப் பக்கம் இருக்கும் முள்ளோடையில் போய்ப் பெட்ரோல் போடுவது லாபமா என்று நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் லிட்டருக்கு ஆறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். என் பைக்கில் எட்டு லிட்டர் பிடிக்கும். 48 ரூபாய் மிச்சம். எங்கள் வீட்டிலிருந்து போகவர பதினைந்து கிலோமீட்டர், மூன்றில் ஒரு பங்கு லிட்டர் தீரும், 32 ரூபாய் செலவு. மிச்சம் 16 ரூபாய். அங்கே நிற்கிற நேரத்தில் ஒரு டீ குடித்தால் அதுவும் சரி. இதைச் சொன்னால் என் மனைவி நம்புவதில்லை. முள்ளோடையில் நிற்கும் வரிசையைக் காட்டி, "அவங்கல்லாம் முட்டாளா?" என்கிறாள். அவர்கள் பெட்ரோலுக்காக மட்டும் அங்கே வரவில்லை என்பதை அவளுக்கு இன்னும் நான் விளக்கவில்லை.

சாராயக் கணக்கு எனக்கு அவ்வளவாகத் தெரியாது, தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். 2020 மே மாதம் ஊரடங்குக்கு நடுவே புதுச்சேரியில் மதுக்கடைகள் திறந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் படையெடுத்து வந்துவிடக்கூடாது என்று கொரோனா வரி போட்டு விலையைத் தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக ஏற்றினார்கள். ஏறக்குறைய ஓராண்டு அப்படியே இருந்தது. அந்த ஒரு வருஷம் முள்ளோடைப் பக்கம் சாயங்காலம் அவ்வளவு அமைதியாக இருந்தது. மனிதர்களை வரவழைக்கவும் திருப்பி அனுப்பவும் வரிக்கு எவ்வளவு கை நீளம் என்று கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

வண்டி விஷயம் தனி. பைக்குக்கும் காருக்கும் ஜிஎஸ்டி இப்போது எங்கும் ஒன்று. பழைய வேலையைச் சாலை வரி செய்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இருசக்கர வாகனங்களின் ஆயுள் வரியை உயர்த்தினார்கள், ஒரு லட்சம் வரை 10 சதவீதம், மேலே 12. புதுச்சேரியில் இதைவிட ரொம்பக் குறைவு. அங்கே முகவரி காட்டிப் பதிவு செய்து இங்கே ஓட்டுகிற பிஒய் நம்பர் வண்டிகளைப் பற்றிப் பேசினால் எங்கள் தெருவில் பாதிப் பேர் என்னோடு பேசமாட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

சரி, பாகூருக்கு வருகிறேன். அங்கே வீடு கட்டுகிற ஒரு அண்ணன் போன வாரம் வந்தார். அப்பா காலத்து வாடிக்கை. பிவிசி பைப், டேப், கீல், தாழ்ப்பாள், ப்ரைமர் என்று நாற்பதாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. பணத்தை எண்ணி வைத்துவிட்டு, "வண்டில ஏத்தி அனுப்பிடு தம்பி" என்றார்.

"அண்ணே, எங்க குட்டியானை பாகூர் வராது."

"ஏன், நெய்வேலிக்கெல்லாம் போவுதே?"

"நெய்வேலி தமிழ்நாடு. பாகூருக்கு நான் அனுப்பினா அது வெளிமாநில விற்பனை. நீங்க பில்லுல ஊர்ப் பேர் போடாம கடையில வாங்கி நீங்களே எடுத்துட்டுப் போனா உள்ளூர் விற்பனை."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்த நாற்பது வருஷத்தில் ஒரு முறைகூட இப்படி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். பில்லில் முகவரி போடவில்லை. வெளியே போய் ஸ்டாண்டில் நின்ற ஒரு வண்டியைப் பேசிக் கூட்டி வந்தார். வழக்கமாக எங்களுக்கு ஓட்டுகிற அதே டிரைவர், அதே குட்டியானை. பைப்பையெல்லாம் ஏற்றிக் கயிறு கட்டி முடித்துவிட்டு டிரைவர் பழக்க தோஷத்தில் என்னிடம் வந்து நின்றார்.

"வாடகை யார்ட்ட வாங்கறது?"

"அவர்ட்டயே வாங்கிக்க. நான் குடுத்தா நான் அனுப்பினதா ஆயிடும்."